வீடு தேடி வரும் நாமம்

மொட்டை போட்டுக்கொள்ளவும் நாமம் சாத்திக்கொள்ளவும் எங்கெங்கிருந்தோ திருப்பதிக்கு வருகிறார்கள். ரயிலில் இடிபட்டு, பஸ்ஸில் கசங்கி, அலிப்பிரியில் படியேறி, கல்யாணகட்டாவில் வரிசையில் நின்று, எவ்வளவு பாடு! சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் எங்களுக்கு அந்தப் பாடும் இல்லாமல் செய்துவிட்டார்கள் சில புண்ணியவான்கள். கைபேசியில் ஒரு தட்டு தட்டினால் போதும், மூன்றாம் நாள் இரண்டும் வாசலுக்கே வந்துவிடுகின்றன. டெலிவரி இலவசம்.

அங்கீகாரம் என்ற சின்னக் கட்டுக்குக்கூட அடங்காத இணைய வியாபாரிகளைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு யாராவது ஒரு பாராட்டு விழா எடுத்திருக்க வேண்டும். எடுக்காததற்குக் காரணம் நன்றிகெட்டதனம் என்று நினைக்க வேண்டாம். அழைப்பிதழை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. டி.வி., ஏசி, கைபேசி, ஸ்பீக்கர், பவர் பேங்க் என்று எதைக் கேட்டாலும் ஊர் விலையில் முக்காலுக்குத் தருகிறார்கள், பாதிக்குத் தருகிறார்கள், மனம் குளிர்ந்தால் காலுக்கும் தருகிறார்கள். கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கரம் என்று புகழலாம். அந்தக் கரத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்பது ஒன்றுதான் குறை.

நிறுவனங்கள் தாங்களே நடத்தும் இணையக் கடைகளையும், அந்த நிறுவனங்கள் பேர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களையும் இந்தப் பாராட்டில் சேர்க்கவில்லை. அவர்கள் ஒழுங்காக பில் தருகிறார்கள். பெட்டியின் சீரியல் நம்பரும் பில்லின் சீரியல் நம்பரும் ஒன்றாகவே இருக்கின்றன. வாரண்டி கேட்டால் ஆள் வருகிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

இப்படிப் புகழ்வது எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. வேங்கடமும் சித்தூரும் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தவை. அந்த நாட்டை ஆண்ட தொண்டைமானிடம் அதியமானின் தூதாகப் போன ஔவையார், ஆயுதசாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேல்களின் புத்தம்புதுப் பளபளப்பை வாயாரப் பாராட்டியதும், எங்கள் அரசனின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன என்று குறைபட்டுக்கொண்டதும் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதே கண்ணோடு இன்றைக்குச் சுற்றிப் பார்க்கலாம். இணையத்தில் இருக்கும் படங்களில் ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. சித்தூர் சர்ச் தெருவிலோ திருப்பதி காந்தி ரோட்டிலோ ஒரு பழைய கடைக்குள் போனால், உள்கட்டில் ஒரு மேஜை. அதன் மேல் முதுகு திறந்த டி.வி., போர்டு கழற்றிய வாஷிங் மெஷின், ‘வெங்கடேஷ், சனிக்கிழமை’ என்று சாக்பீஸில் எழுதிய மிக்ஸி. ஆறு வருடம் முன்பு விற்ற சரக்கெல்லாம் அங்கே வந்து கிடக்கிறது. விற்ற பொருள் திரும்பி வருகிற கடை என்ன கடை? நம் புண்ணியவான்கள் விற்றது எதுவும் அவர்களிடம் திரும்பிப் போனதே இல்லை.

அவர்களின் முதல் பெருமை துறவு. வீடு வாசல் துறந்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். பேரையே துறந்தவர்களை இப்போதுதான் பார்க்கிறோம். பொருளின் படத்துக்குக் கீழே, விலைக்கும் கீழே, பொடி எழுத்தில் ‘விற்பவர்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிக் கொட்டிய மாதிரி ஒரு பேர். தீபாவளி விற்பனையில் ஒரு பேர், பொங்கல் விற்பனையில் வேறு பேர். பற்றற்றவர்களுக்குப் பேர் எதற்கு?

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் என்று 2020 ஜூலையில் மத்திய அரசு ஒன்றைக் கொண்டுவந்தது. சந்தைத் தளங்கள் ஒவ்வொரு விற்பனையாளரின் பேரையும், முகவரியையும், பதிவு பெற்றவரா என்பதையும், தொடர்பு எண்ணையும் வாங்குபவருக்குக் காட்ட வேண்டுமாம். குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைக்க வேண்டுமாம். அவர் 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டுமாம். துறவிகளைப் போய் இப்படியா படுத்துவது? நல்ல வேளையாக, ‘விற்பவர்’ என்ற வரியைத் தொட்டுப் படிக்கிற கெட்ட பழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை.

மேடை போட்டுக் கொடுப்பவர்களின் அடக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘விற்றது நாங்கள் இல்லை, மேடை மட்டும்தான் எங்களுடையது’ என்பார்கள். அந்நிய முதலீடு உள்ள சந்தைத் தளங்களுக்காக 2016இல் மத்திய அரசு வெளியிட்ட 3ஆம் எண் அறிவிக்கையே வாரண்டி, கியாரண்டி பொறுப்பு விற்பவருடையது என்று எழுதி வைத்திருக்கிறது. ஆக, பொறுப்பு முழுவதும் விற்பவர் தலையில். விற்பவரோ தலையையே துறந்தவர். இதைவிட நேர்த்தியாக யாரால் ஒரு ஏற்பாடு செய்ய முடியும்?

இனி உள்ளூர் டீலரின் லட்சணத்தைப் பார்க்கலாம். சித்தூரில் ஒரு கடை. கணவனும் மனைவியும் 43 அங்குல டி.வி. பார்க்க வந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் நாலு டி.வி.யைப் போட்டுக் காட்டச் சொல்லி, படம் பார்த்து, சத்தம் கூட்டிக் குறைத்து, ரிமோட்டை அமுக்கி, கடைசியில் டி.வி.யின் முதுகில் இருக்கும் மாடல் நம்பரைக் கணவர் போட்டோ எடுத்துக்கொள்கிறார். கைபேசியில் தட்டிப் பார்க்கிறார்.

“அண்ணா, இதே மாடல் இதுல இருபத்திரெண்டு ஒம்பதுக்குக் காட்டுது. நீங்க இருபத்தேழு சொல்றீங்களே?”

“காட்டும் நைனா. கீழ விக்கிறவன் பேரு போட்டிருப்பான், அதைப் படி.”

“ஏதோ இங்கிலீஷ் எழுத்தா இருக்குதுண்ணா.”

“எந்த ஊரு?”

“அது தெரியல.”

“சரி, நாளைக்கு டி.வி.ல கோடு விழுந்திச்சின்னா எங்க போவ?”

“கம்பெனிக்கு போன் பண்ணிக்கலாம்ணா.”

“பண்ணு. அவன் சீரியல் நம்பர் கேப்பான், பில்லு கேப்பான். ரெண்டும் சேரலைன்னா போன வெச்சிருவான். அப்பறம் இங்கதான் தூக்கினு வருவ. வா, டீ வாங்கித் தரேன். டி.வி.ய மட்டும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

எவ்வளவு மரியாதைக் குறைவு! இணையத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்’ என்று பதில் வந்திருக்கும். இரண்டாம் தடவை கேட்டால் இரண்டாம் தடவையும் வருந்துவார்கள். எத்தனை தடவை கேட்டாலும் வருத்தத்தில் ஒரு எழுத்து குறையாது. சித்தூர்க்காரர் ஒரே ஒரு தடவை வருத்தப்பட்டு, உடனே கோடு விழுந்த பேனலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

அவர் குற்றப் பட்டியல் நீளமானது. கெய்சர் வாங்கப் போனால், “உங்க ஏரியா போர்த் தண்ணி உப்பு, இந்த மாடல் நிக்காது, வேணாம்” என்று கைக்கு வந்த வியாபாரத்தையே தட்டிக் கழிக்கிறார். ஏசி வாங்கினால், ரூம் எத்தனைக்கு எத்தனை, மேலே மொட்டை மாடியா, மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா, கரண்ட் ஏறி இறங்குமா என்று கல்யாணத்துக்கு வரன் பார்ப்பவர் போல் விசாரிக்கிறார். செப்புக் குழாய் எத்தனை மீட்டர் போகும், ஸ்டெபிலைசர் வேண்டுமா என்பதை முன்கூட்டியே சொல்லித் தொலைக்கிறார். நம் புண்ணியவான்களிடம் இந்தத் தொல்லை இல்லை. ஏசி வந்து இறங்கிய பிறகு, ஃபிட்டிங்குக்கு வரும் யாரோ ஒருவர் கணக்குச் சொல்லும்போதுதான் குழாயின் நீளமும் விலையும் நமக்குத் தெரியவருகின்றன. எதிர்பாராத திருப்பங்கள் நிறைந்த வாழ்க்கைதானே சுவையானது.

கடன் விஷயத்திலும் அவருக்கு ஒழுங்கு கிடையாது. சித்தூர்ப் பக்கம் பாதிக் குடும்பத்துக்கு மாங்காய்க் காசுதான் வருடத்துக்கு ஒரு முறை கையில் புரளும் பெரிய காசு. “தோத்தாபுரி இறங்கட்டும்ணா, குடுத்திடறேன்” என்று சொன்னால், நீள நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றிவிடுகிறார். 2025இல் தோத்தாபுரி விலை படுத்து, கிலோவுக்கு 4 ரூபாய் அரசே மானியம் தர வேண்டிய நிலை வந்ததே, அப்படி ஒரு வருடத்தில் அந்த நோட்டை நினைத்துப் பாருங்கள். இணையத்துப் புண்ணியவான்களிடம் இப்படிப்பட்ட குழப்பமே வராது. வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் கடை விரித்திருப்பவர்கள் முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, கொடுத்தவரின் மனப்பாரத்தை அப்போதே இறக்கிவிடுகிறார்கள். பொருள் வருமா என்பது வேறு பாரம்.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம், அவர் சட்டை போட்டுக்கொண்டு தினமும் காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்து உட்காருவது. அந்தச் சட்டையை யார் வேண்டுமானாலும் பிடித்துக் கேட்கலாம். டி.வி. எரிந்தாலும் கேட்கலாம், கம்பெனி ஆள் வராவிட்டாலும் கேட்கலாம், மழையில் டிஷ் சிக்னல் வராவிட்டாலும் கேட்கிறார்கள். விவகாரம் முற்றினால், “வா காணிப்பாக்கம், பிள்ளையார் முன்னால சத்தியம் பண்ணு” என்று கூப்பிடலாம். சித்தூரில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். குளத்தில் முங்கி எழுந்து அந்தச் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய இந்தப் பக்கத்தில் யாருக்கும் துணிவு வராது. இத்தனைக்கும் ஆளாகக் கூடிய ஒரு மனிதர் தன் சட்டைக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்குகிறார். சட்டையே இல்லாதவர்கள் அந்த நாலாயிரத்தைக் குறைத்துத் தருகிறார்கள். கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

அடுத்த பெருமை, வள்ளன்மை. ஆயிரம் ரூபாய்க்குள் 2 டெராபைட் பென் டிரைவ் தருகிறார்கள். பேர் பெற்ற நிறுவனங்கள் அந்தக் கொள்ளளவுக்குப் பல ஆயிரம் கேட்கின்றன, கஞ்சர்கள். இவர்கள் எப்படித் தருகிறார்கள்? உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜி.பி. சில்லு. ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் சிறிய மூளைக்கு ‘நீ 2 டெராபைட்’ என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். தன்னம்பிக்கை ஊட்டப்பட்ட அந்தச் சில்லு, கணினியிடம் போய் அதையே சொல்கிறது. கணினியும் நம்புகிறது. காதுகுத்து, கல்யாணம், தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் என்று நீங்கள் படங்களை ஏற்றிக்கொண்டே போகலாம். இடம் இல்லை என்று அது ஒருபோதும் முகம் சுளிக்காது. 32 ஜி.பி. நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதும், அல்லது எழுதியதாகப் பாவனை செய்யும். கோப்பின் பேர் இருக்கும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. பேர் மட்டும் நிலைக்கும், உள்ளிருப்பது நிலையாது என்ற தத்துவத்தை இவ்வளவு மலிவாக யார் சொல்லித் தருவார்கள்?

பவர் பேங்கில் இன்னும் தாராளம். வாங்குபவர்கள் கையில் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்புப் போடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். லித்தியம் செல்லைக் கூடுதலாக வைத்தால் காசு. ஆகவே ஒரு சின்னப் பழைய செல்லை வைத்து, மீதி இடத்தில் மணலை அடைத்து ஒட்டிவிடுகிற கலைஞர்கள் உண்டு. கனமாக, பெரிய கம்பெனிச் சரக்கு போலவே இருக்கும். ஆந்திர அரசு 2024 ஜூலையில் இலவச மணல் திட்டத்தைத் தொடங்கியபோதுகூட வண்டிக் கூலியை நாம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. மணலை அழகான பெட்டியில் வைத்து, யூ.எஸ்.பி. வயரோடு வீட்டுக்கே அனுப்பியவர்கள் இவர்கள் மட்டும்தான். ஸ்வர்ணமுகிக் கரையில் குடியிருப்பவர்களுக்கே மணல் அனுப்பிக் காசு வாங்குவது எளிய சாமர்த்தியமா? அதிலும், பவர் பேங்குக்கான லித்தியம் செல் செய்யும் ஆலை திருப்பதியிலேயே இருக்கிறது. முனோத் நிறுவனத்தின் அந்த ஆலையின் முன்னோட்ட உற்பத்தியை 2022 செப்டம்பரில் அப்போதைய மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் வந்து தொடங்கிவைத்தார். கரகம்பாடியில் இருக்கும் அமர ராஜா பேட்டரி 1985இல் தொடங்கிய கம்பெனி. பேட்டரியிலேயே பிறந்து வளர்ந்த ஊரில் மணலை விற்றுக் காட்டியவர்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும்.

பொருள்களுக்கும் அவர்கள் புண்ணியம் தேடித் தருகிறார்கள். ஷியோமியின் முதல் இந்தியத் தயாரிப்பு, ரெட்மி 2 பிரைம், 2015இல் உருவானது ஸ்ரீசிட்டி தொழில் நகரில், ஃபாக்ஸ்கான் ஆலையில். ஷியோமியின் டி.வி.யை டிக்சன் நிறுவனம் திருப்பதியில் செய்யும் என்று 2018இல் அறிவித்தார்கள். டெய்க்கின், புளூ ஸ்டார், லாயிட் என்று ஏசி ஆலைகளும் ஸ்ரீசிட்டிக்கு வந்து சேர்ந்தன. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்ததில் ஸ்ரீசிட்டி திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. சித்தூர்க்காரர்களுக்கு அது அண்டை வீடு. இங்கே பிறந்த சாதனம் நேராக இங்கேயே ஒரு கடையில் விற்றுப்போனால் அதற்கு என்ன பெருமை? நம் புண்ணியவான்கள் அதற்கு முதலில் தேச சஞ்சாரம் செய்து வைக்கிறார்கள். கம்பெனி வைத்த டார்கெட்டை எட்டினால்தான் மொத்த வியாபாரிக்குத் தள்ளுபடி. எட்டுவதற்காக அவர் மாதக் கடைசியில் அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிட்ட சரக்கு ஒரு வழி. வாங்கியவர் திருப்பி அனுப்பி, மறுபடி ஒட்டப்பட்ட பெட்டி ஒரு வழி. கடையில் ஒரு வருடம் ஓடிக்கொண்டிருந்த டெமோ பீஸ் ஒரு வழி. வேறு நாட்டுக்கென்று செய்து, இங்கே வாரண்டி செல்லாத சரக்கு ஒரு வழி. எல்லா வழியும் கடைசியில் ‘பிராண்ட் நியூ’ என்ற ஒரே சந்நிதியில் வந்து சேர்கின்றன. சர்வீஸ் ஆள் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்து, “சார், இதுக்கு வாரண்டி போன வருசமே ஆரம்பிச்சிடிச்சே” என்று சொல்லும்போதுதான், நம் டி.வி. நமக்கு முன்பே உலகம் பார்த்தது என்று புரிகிறது.

கலைத்தொண்டு தனி அத்தியாயம். பெட்டியைப் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் புகார் எடுபடாது என்று ஆனதில் இருந்து, வீட்டுக்கு வீடு படப்பிடிப்பு. அப்பா கத்தரிக்கோலோடு நிற்கிறார். மகன் கேமரா. பாட்டி டார்ச் அடிக்கிறாள். பெட்டியின் ஆறு பக்கத்தையும் காட்டி, டேப்பைக் காட்டி, லேபிளைக் காட்டி, ஒரே ஷாட்டில் வெட்டு இல்லாமல் எடுக்க வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் நிறுத்தக் கூடாது. டெலிவரிப் பையன் மட்டும் வாசலில் நின்று “ஓ.டி.பி. சொல்லுங்க சார், ஓ.டி.பி. சொல்லுங்க சார்” என்று மந்திரம் போல் உச்சரிக்கிறான். அந்த எண்ணைச் சொன்ன கணத்தில், பொருள் நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு நாமே சாட்சி ஆகிவிடுகிறோம். உள்ளே டி.வி. இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா, டைல்ஸ் துண்டு இருக்கிறதா என்பது அதற்குப் பிறகு வரும் கிளைமாக்ஸ்.

இலக்கியத் தொண்டும் குறைவில்லை. ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் படித்துப் பாருங்கள்: ‘பேக்கிங் சூப்பர். டெலிவரி ஃபாஸ்ட். இன்னும் ஆன் பண்ணவில்லை.’ ஒரு நூலைத் திறக்காமலேயே மதிப்புரை எழுதுவது நம் சிறுபத்திரிகைகளில் மட்டும் இருந்த திறமை. அதை மக்கள் மயமாக்கியவர்கள் இவர்கள். இணைய விமர்சனங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையையே வெளியிட்டது. விருப்பம் இருந்தால் கடைப்பிடிக்கலாம் என்று பெருந்தன்மையோடு விட்டும்விட்டது. விருப்பம் வரும் நாளுக்காக எல்லோரும் காத்திருக்கிறோம்.

இவ்வளவு செய்பவர்களை அதிகாரிகள் நிம்மதியாக விடுகிறார்களா? 2025 மார்ச்சில் அதே தர நிர்ணய அமைப்பு, டெல்லியில் அமேசான் கிடங்கில் புகுந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமலும் போலி முத்திரையோடும் இருந்த கெய்சர், மிக்ஸி என்று 3,500க்கும் மேற்பட்ட பொருள்களை எடுத்துக்கொண்டு போனது. மதிப்பு சுமார் 70 லட்சம் ரூபாய். அதே மாதம் திருவள்ளூர் மாவட்டத்தில், நம் தடாவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் இருக்கும் புதுவாயல் கிடங்கிலும் சோதனை நடந்தது. முத்திரை இல்லாத ஒரு கெய்சரை நம்பித் தண்ணீரில் கை வைப்பதற்கு எவ்வளவு இறை நம்பிக்கை வேண்டும் என்பதை இந்த அதிகாரிகள் யோசித்ததாகவே தெரியவில்லை. பக்தி வளர்க்கும் ஊர்களில் இதையெல்லாம் ஊக்குவிக்க வேண்டாமா?

பக்தி என்றதும் நினைவு வருகிறது. திருமலை தரிசன டிக்கெட்டுக்கே போலி இணையதளங்கள் வந்து, 2023இல் தேவஸ்தானம் போலீசில் கொடுத்த புகாரோடு அந்தக் கணக்கு 41ஐ எட்டியது. குபேரனிடம் வாங்கிய கல்யாணக் கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் பெருமாளுக்கே இத்தனை அங்கீகாரம் பெறாத விற்பனையாளர்கள் என்றால், ஒரு 43 அங்குல டி.வி. எந்த மூலைக்கு?

நன்றி சொல்லும் நேரத்தில் கூட்டாளிகளை மறந்துவிடக் கூடாது. முதல் நன்றி, உள்ளூர் டீலர்களிலேயே சிலருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18க்கு இறங்கியது. அதற்குப் பிறகும், குரலைத் தாழ்த்தி, “பில்லோட வேணுமா, பில் இல்லாமலா?” என்று கேட்கிற அன்பர்கள் இருக்கிறார்கள். எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் கோழிக் கிறுக்கலாக ஒரு தொகை எழுதி, அதைத்தான் வாரண்டி என்கிறார்கள். அப்படிப்பட்ட கடைக்கும் இணையத்துத் துறவிக்கும் வித்தியாசம் கல்லாப்பெட்டி இருக்கும் இடம் மட்டும்தான். அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பில்லே இல்லாமல் வரும் பெட்டி உறுத்தாது; பயிற்சி கொடுத்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது நன்றி கம்பெனிகளுக்கு. கடைக்காரருக்கு மாடல் வந்து சேரும் முன்பே இணையத்தில் விற்றுத் தீர்த்து, விலையையும் அங்கே குறைவாக வைத்து, எங்கே போக வேண்டும் என்று மக்களுக்கு வழி காட்டியவை அவை. தென்னிந்தியாவின் கைபேசிக் கடைச் சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு ஒன்று, லாபம் குறைவு, வாரண்டி இழுத்தடிப்பு என்று மனம் நொந்து, 2024 மே 1 முதல் ஒன்பிளஸ் கைபேசிகளை விற்க மாட்டோம் என்று கடிதம் எழுதும் அளவுக்கு விவகாரம் போனது. அங்கீகாரம் பெற்றவன் மனம் வெறுத்தால்தானே அங்கீகாரம் பெறாதவனுக்கு வாழ்வு?

மூன்றாவது நன்றி, வேறு யாருக்கு, நமக்கேதான். கடைக்காரரின் ஏசி காற்றில் உட்கார்ந்து, அவர் பையனிடம் நாலு டி.வி.யை இறக்கச் சொல்லிப் பார்த்து, அவர் வைஃபையிலேயே ஆர்டரைப் போட்டுவிட்டு, “வீட்ல கேட்டுட்டு வரேன்ணா” என்று எழுந்து வரும் நாகரிகம் நம்முடையது.

இப்பேர்ப்பட்ட வள்ளல்கள் அழிந்துவிடாமல் காப்பது நம் கடமை. அதற்குச் சில நியமங்கள் உண்டு. ‘விற்பவர்’ என்ற வரியைத் தொடவே கூடாது. தொட்டால் முகவரி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கம்பெனியின் தளத்துக்குப் போய் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் பட்டியலில் அந்தப் பேர் உண்டா என்று பார்ப்பது நம்பிக்கைத் துரோகம். பில்லில் ஜி.எஸ்.டி. எண் கேட்காதீர்கள், ஆந்திரத்துக்கு 37, தமிழ்நாட்டுக்கு 33 என்று முதல் இரண்டு எண்ணிலேயே மாநிலம் தெரிந்துவிடும். பெட்டியில் இறக்குமதியாளர் பேரும் முகவரியும் அச்சாகியிருக்கிறதா என்று புரட்டாதீர்கள். அடாப்டரிலும் பவர் பேங்கிலும் ‘ஆர்’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்த்தால் அது யாருக்கு வழங்கிய எண் என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் செயலியை இறக்கவே இறக்காதீர்கள். புதுக் கைபேசியில் *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு சேர்த்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது உண்மையான எண்ணா, முடக்கப்பட்டதா என்று பதில் வரும். வீண் செலவு.

ஏமாந்த பிறகும் கட்டுப்பாடு தளரக் கூடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை மறந்துவிடுங்கள். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்வதையும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை என்பதையும், வக்கீல் கட்டாயம் இல்லை என்பதையும், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். விற்றவர் பேரே தெரியாதபோது, விவரம் காட்டாத மேடைக்காரரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சகவாசம் வேண்டாம்.

இத்தனையும் கடைப்பிடித்துவிட்டு, கோடு விழுந்த டி.வி.யை ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேராக அந்தச் சித்தூர்க் கடைக்கே போங்கள். அவர் வாங்கித் தரும் டீயைக் குடித்துவிட்டு, “அண்ணா, அன்னிக்கே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்று அவர் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள். பிடிக்கக் கிடைக்கிற சட்டை இந்த ஊரில் அது ஒன்றுதான்.